ரம்பம் தின்ற அரை நூல்

வண்டியைப் பின்னோக்கி எடுத்து, பின்னால் கட்டியிருந்த மரம் அறுக்கும் மில்லை முற்றத்துக்குள் நுழைத்துக்கொண்டிருக்கும்போதே ரம்பக்காரர் அதைப் பார்த்துவிட்டார். பட்டறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே, வழக்கமாகப் பசை டப்பாக்கள் இருக்கும் மூலையில், ஆள் உயரத்துக்கு ஒன்று நின்றது. மேலே பிளாஸ்டிக் உறை, அதைச் சுற்றிக் கயிறு, காலடியில் கிழித்துப்போட்ட அட்டைகள். உறை போட்டு மூடினால் மட்டும் அவருக்குத் தெரியாதா என்ன? மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், நடுவில் மேஜை. பட்டறைக்குள்ளேயே வைத்துப் பலகை அறுக்கிற பேண்ட் சா மெஷின். புத்தம் புதுசு. கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. பின்னாலிருந்த மில் ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது.

"என்ன தம்பி, தூண்ல இடிச்சிட்டீங்களா?" என்று வாசல் நாற்காலியிலிருந்து, வீட்டிலிருக்கும் அக்கா தங்கையில் மூத்தவள் கேட்டாள்.

"இல்லக்கா. சும்மாதான் நிறுத்தினேன்."

"சும்மா நிறுத்தற ஆளா நீங்க" என்றாள் அவள். சிரித்தாளா முறைத்தாளா என்று கண்ணாடியில் தெரியவில்லை.

ரம்பக்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது. மரத்தை மில்லுக்கு எடுத்துப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவருடையது மில்லே மரத்தைத் தேடிப் போகிற தொழில். இரண்டு சக்கரத்தின் மேல் நீளமான இரும்புச் சட்டம், சட்டத்தின் மேல் இரண்டு தண்டவாளம், அதன் மேல் முன்னும் பின்னும் தள்ளுகிற தலைப்பகுதி. தலைப்பகுதியில் இன்ஜினும், சக்கரங்களில் பெல்ட் போல மாட்டிய பட்டை ரம்பமும். மரம் அசையாமல் படுத்திருக்கும். ரம்பம்தான் அதன் மேல் கிடையாக நடந்து போகும். இதை வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாக ஊர் ஊராகப் போகிறார். மனைவி இறந்து ஒன்பது வருஷம். ஒரே மகள், கட்டிக்கொடுத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். மற்றபடி இன்ஜின் சத்தம்தான் துணை. நாள் முழுக்கக் காதடைப்பான் போட்டுக்கொண்டு வேலை செய்கிறவருக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? மூத்தவள் அவருக்கு வைத்திருந்த பேர் ஊமைக்கோட்டான். அது அவருக்கும் தெரியும்.

இந்த வீட்டில் அக்காவும் தங்கையும் மட்டும்தான். இருவரும் மரப்பெட்டி செய்கிறவர்கள். நகைக்கு, கடிதத்துக்கு, புல்லாங்குழலுக்கு, கைக்கடிகாரத்துக்கு என்று கேட்பவர்களுக்குக் கேட்ட மாதிரி. அறுப்பதும் இழைப்பதும் மூட்டு சேர்ப்பதும் இளையவள். மெழுகு தேய்ப்பதும் விலை பேசுவதும் அறுபது வயது மூத்தவள். பெட்டிக்கு மெல்லிய பலகை வேண்டும். கடையில் கிடைப்பதோ இரண்டு அங்குலத் தடிப் பலகை. நன்றாகக் காய்ந்த தடிப் பலகையாக வாங்கி வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை ரம்பக்காரரைக் கூப்பிட்டு, மூன்றாக நாலாகப் பிளந்து வாங்கிக்கொள்வார்கள். ஏழு வருஷமாக வழக்கம் இதுதான். ஒரு நாள் வேலை. இரண்டு வருஷம் மட்டும் மழை வந்து மறுநாளும் நீடித்தது. ஆக ஏழு வருஷத்தில் மொத்தம் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளை வைத்துக்கொண்டுதான் மனுஷர் மிச்ச நாளையெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

மறைத்துப் பேசுவானேன், இளையவள் மேல் அவருக்கு ஆசை. அதுவும் இந்த வயசில், சொல்லவே கூசுகிற ஆசை. அவளுக்கு நாற்பத்தாறு இருக்கும். கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் அந்த ஆள் வேறொருத்தியோடு கிளம்பிப் போய்விட்டான். கையெழுத்துப் போட்டுப் பிரிந்து இருபது வருஷமாயிற்று. இதெல்லாம் மூத்தவள் சொல்லித் தெரிந்தது. இளையவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் பேசுவதெல்லாம் மரத்தைப் பற்றி. "இந்த முடிச்சு உள்ள எம்புட்டு தூரம் போகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்பாள். அவர் பலகையைத் தட்டிப் பார்த்து ஒன்று சொல்வார். அறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அப்போது அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவரைப் பார்ப்பாள் பாருங்கள், அந்தப் பார்வையைத்தான் அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்.

ஒருவரை என்னவென்று கூப்பிடுவது என்பதில் நம் ஆட்களுக்குப் பாதி வாழ்க்கை அடங்கியிருக்கிறது. மூத்தவளை அவர் முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது, அப்படியென்றால் இளையவளைத் தங்கச்சி என்றல்லவா சொல்ல வேண்டும். வாய் வருமா? வரவில்லை. மேடம் என்று சொல்லலாம், ஆனால் அது பல்லில் ஒட்டாது. அதனால் ஏழு வருஷமாக அவளை ஒன்றுமே சொல்லிக் கூப்பிடாமல் "இங்க பாருங்க", "அந்த முனையப் பிடிங்க" என்றே ஒப்பேற்றிவிட்டார். அவளும் அப்படித்தான். ஒரு தடவைகூட அண்ணே என்று சொன்னதில்லை. ஒவ்வொரு வருஷமும் வந்து இறங்கிய முதல் ஒரு மணி நேரம் அந்த ஒரு வார்த்தை வந்துவிடுமோ என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். வராது. அதன் பிறகுதான் ரம்பம் நேராகப் போகும்.

இந்தத் தடவை கேட்டுவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு வந்திருந்தார். மகள்தான் காரணம். போன ஞாயிறு, "அப்பா, அந்த ஊருக்குப் போகும்போது மட்டும் சட்டைக்கு இஸ்திரி போடறீங்க. மரம் அறுக்கப் போறதுக்கு யாராவது இஸ்திரி போடுவாங்களா? என்னன்னு நான் கேக்கல. நீங்க கேட்டுட்டு வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். வழி நெடுக ஸ்டீயரிங்கிடம் பேசிப் பார்த்தார். நீங்களும் தனியா இருக்கீங்க, நானும் தனியா இருக்கேன் என்று ஆரம்பித்தால் வாடகை வீட்டுக்கு ஆள் சேர்ப்பதுபோல் இருந்தது. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு என்றால் இருபது வயசுப் பையன் பேச்சு. கடைசியில் நாலு வாக்கியம் தேறியது. அதை மனப்பாடம் செய்துகொண்டுதான் முற்றத்துக்குள் வந்தார். வந்தால், மூலையில் மெஷின் நிற்கிறது.

ஏன் இவ்வளவு நாள் கேட்கவில்லை என்றால், கேட்டு அவள் இல்லையென்று சொல்லிவிட்டால் இந்த ஒரு நாளும் போய்விடுமே. அந்தப் பயம்தான். இப்போது கேட்காமலே போகப்போகிறது. சொந்தமாக மெஷின் வைத்திருக்கிறவர்கள் எதற்காக அறுபது மைல் தள்ளி இருக்கிற ஆளைக் கூப்பிடப் போகிறார்கள்? இன்றைக்குக் கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் அவ்வளவுதான். இவ்வளவையும் யோசித்துக்கொண்டே மில்லின் நாலு கால்களையும் இறக்கி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, புது பிளேடு மாட்டினார். கை வேலையைக் கை பார்த்துக்கொண்டது.

இளையவள் பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மறுமுனையை அவர் போய் வாங்கிக்கொண்டார். ஒரே ஒரு பலகை. போன வருஷம் இருபத்தியெட்டு இருந்தது.

"இது ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். நாலாப் பிரிக்கணும். மூணரை நூல் வேணும்" என்றாள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை மரவேலைக்காரர்கள் நூல் என்பார்கள். "பெரிய பெட்டி ஒண்ணு செய்யப் போறேன். நாலு பக்கமும் ஒரே பலகையிலருந்து வரணும். வரி சுத்தி வந்து சேரணும்."

அருமையான பலகை. பதிமூன்று அங்குல அகலம், இரண்டு அங்குலத் தடிமன், தேன் நிறத்தில் ஊடே கருவரி. அவர் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பத்து வருஷமாவது காய்ந்திருக்கும். இந்த அகலத்தில், வெடிப்பில்லாமல், முடிச்சில்லாமல் இப்போதெல்லாம் எங்கே கிடைக்கிறது?

"எங்க பிடிச்சீங்க இத?"

"கிடைச்சுது" என்றாள். பார்வை பலகை மேலேயே இருந்தது.

மூத்தவள் நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தாள். "அந்தப் புது மெஷினுக்கு எட்டு அங்குலத்துக்கு மேல போகாதாம் தம்பி. இது அகலமாப் போச்சு. இந்த ஒண்ண அறுத்துக் குடுத்துட்டீங்கன்னா அப்புறம் உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

நல்ல வார்த்தைதான். ஒரு தப்பும் இல்லை. ஆனால் அலைச்சல் மிச்சம் என்றதும் அவர் பலகையைத் தடவுவதை நிறுத்திவிட்டார். அலைச்சல் வேண்டாம் என்று இவர் யாரிடம் கேட்டார்?

ஆணி கிடக்கிறதா என்று இரும்பு காட்டும் கருவியைப் பலகையின் இரு பக்கமும் ஓட்டினார். மில்லின் படுக்கையில் சமமான ஒரு தட்டுப் பலகையைப் போட்டு, அதன் மேல் இதைக் கிடத்தி, நகராமலிருக்கச் சுற்றிலும் மெல்லிய கட்டைகளைத் திருகு வைத்து முடுக்கினார். காய்ந்த மரம் பச்சை மரம் மாதிரி இல்லை. பச்சை மரம் ஈரமாக விட்டுக்கொடுக்கும். காய்ந்தது எதிர்த்து நிற்கும். அவசரப்படுத்தினால் பிளேடு அலை அலையாக ஏறி இறங்கிப் பலகையைக் கெடுத்துவிடும். நடையைவிடவும் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவர் காதடைப்பானைப் போட்டுக்கொண்டார். அவளுக்கும் ஒன்றை நீட்டினார். பிளேடை இறக்கும் கைப்பிடியைச் சுற்றி, அளவுகோலில் மூணரை நூலுக்கு நிறுத்தி, இன்ஜினைக் கிளப்பினார்.

ரம்பம் மரத்துக்குள் இறங்கியது. மாவு மாதிரி பொடி பறந்தது. வெகு நாள் பூட்டியிருந்த அலமாரியைத் திறந்த மாதிரி ஒரு வாசனை. அவர் தலைப்பகுதியைத் தள்ளிக்கொண்டு நடக்க, அவள் மறுபக்கம் அதே வேகத்தில் கூடவே நடந்துவந்தாள். பிளவில் ஆப்பு செருகுவது அவள் வேலை, செருகாவிட்டால் மரம் பிளேடைக் கடித்துவிடும். எட்டடித் தூரம் எதிரெதிராக, நடுவில் ஓடுகிற ரம்பத்தோடு, இருவரும் நடந்தார்கள். வருஷத்தில் இந்த நடைதான் அவருக்குக் கோயில் பிரகாரம்.

முதல் பலகை பிரிந்ததும் இன்ஜினை நிறுத்தினார். ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கி, புத்தகத்தைத் திறக்கிற மாதிரி அடிப்பலகைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே கருவரி, ஒன்று மற்றதைப் பார்த்துக்கொண்டு. மரம் நின்ற காலத்திலிருந்து யாருமே பார்க்காத முகம் அது. முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். எல்லா வருஷமும் இப்படித்தான், எல்லாப் பலகைக்கும் இருவரும் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார்கள். இப்போதும் நின்றார்கள். அவர் மனப்பாடம் செய்த முதல் வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது.

"அழகா இருக்குல்ல" என்றாள் அவள்.

"இருக்கு" என்றார் அவர். முதல் வாக்கியம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

இரண்டாவது அறுப்பு, மூன்றாவது அறுப்பு. நாலு பலகையும் பிரிந்து கிடந்தன. மேலே மேகம் கூடியிருந்தது. அவள் ஏப்ரன் பையிலிருந்து தடிமன் அளக்கும் காலிப்பரை எடுத்து முதல் பலகையின் ஓரத்தில் வைத்தாள். படித்தாள். இரண்டாவதில் வைத்தாள். மூன்றாவதில் வைத்தாள். பிறகு முதலாவதற்குத் திரும்பி வந்தாள்.

"மூணு நூல்தான் இருக்கு" என்றாள்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அளந்து பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ரம்பமும் தின்னும். ஒவ்வொரு தடவை நடக்கும்போதும் தன் பங்குக்கு அரை நூல் மரத்தைத் தின்று பொடியாகத் துப்பிவிடும். மூணரை வேண்டுமென்றால் நாலுக்கு இறக்க வேண்டும். இது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். நேற்று மில் வாங்கியவன்கூட ஒரு தடவைக்கு மேல் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். இவர் செய்தார், வரிசையாக மூன்று தடவை. மேல் மூன்று பலகையும் மூன்று நூலாக மெலிந்துவிட்டன. கடைசியில் மிஞ்சியது மட்டும் அஞ்சரை நூலுக்குத் தடியாக, பெரிய சாப்பாட்டுக்காரன்போல் தனியாகக் கிடந்தது.

"தப்பு என்னுதுதான்" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "ரம்பம் திங்கறத விட்டுட்டேன். இருபத்திரண்டு வருஷத்துல… எங்கிட்ட வேற பலகை இருக்கு. இவ்வளவு அகலம் இருக்காது. ஆனா தேடிப் பாக்கறேன்."

"வேணாம்" என்றாள். "மூணு நூல்லயே செஞ்சுக்கலாம். இந்தத் தடியிலருந்து மூணு நூல் எடுத்துட்டா நாலும் சமமாயிடும். பெட்டி கொஞ்சம் லேசா இருக்கும், அவ்வளவுதான்."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது. திட்டியிருக்கலாம். இனிமேல் வரப்போகாத ஆளைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது. தூறல் ஒன்று இரண்டாக விழுந்தது. அவள் கொடியில் கிடந்த துணியை எடுக்க வீட்டுப்பக்கம் ஓடினாள்.

"தம்பி, பலகை நனையப்போகுது. பின்னாடி ஷெட்டுல கொண்டுபோய் வைங்க. சாவி ஆணியில தொங்குது" என்றாள் மூத்தவள்.

"ஷெட்டுலயா? எப்பவும் தாழ்வாரத்துலதானே அடுக்குவோம்."

"இந்தத் தடவ ஷெட்டுல வைங்களேன். கேள்வி கேக்கறதுன்னா மட்டும் வாய் வருது உங்களுக்கு."

பலகைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். ஏழு வருஷத்தில் அந்தக் கதவை அவர் திறந்ததில்லை. திறந்ததும் மெழுகும் மரமும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. சுவர் முழுக்கப் பலகை. தரையிலிருந்து கூரை வரைக்கும், இரண்டு அடுக்குக்கு நடுவில் காற்றுப்போகக் குச்சி வைத்து, ஒழுங்காக அடுக்கிய மெல்லிய பலகைகள். வைக்க இடம் தேடி வலது பக்கம் திரும்பினார், அங்கேயும் பலகை. இடது பக்கம் திரும்பினார், அங்கேயும். ஓரங்களில் நீலக் கிரேயான் எழுத்து. அவருடைய எழுத்து. அறுத்த பலகைக்கெல்லாம் வருஷமும் வரிசை எண்ணும் போட்டுக் கொடுப்பது அவர் வழக்கம்.

முதலில் அவருக்குப் பட்டது வியாபாரம் படுத்துவிட்டது என்றுதான். பாவம், பெட்டி விற்கவில்லை, மரம் தேங்கிப்போயிற்று. அப்புறம் எண்களைப் பார்த்தார். போன வருஷத்து இருபத்தியெட்டுப் பலகை எண்பத்துநாலாகப் பிரிந்ததே, அதில் எழுபதுக்கு மேல் இங்கே இருந்தது. அதற்கு முந்தின வருஷத்தது. அதற்கும் முந்தினது. முதல் வருஷத்துப் பலகைகூட ஒரு வரிசை இருந்தது. அந்த வருஷம் அவருடைய கிரேயான் தீர்ந்துபோய்ப் பென்சிலில் எழுதிய எண். தூசி தட்டி, வளையாமலிருக்க மேலே கல் வைத்திருந்தார்கள். அடுத்த பத்து வருஷத்துக்குப் பெட்டி செய்தாலும் தீராது. சரக்கு தீராத கடைக்காரி எதற்காக மறு வருஷமும் வாங்குவாள்? அதற்கு அடுத்த வருஷமும் எதற்கு?

தோளில் இருந்த பலகையை இறக்கி வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றார்.

"பாத்துட்டீங்களா" என்று கதவுப்பக்கம் குரல் வந்தது. இளையவள். கையில் மடிக்காத துணிகளை அணைத்துக்கொண்டு நின்றாள். "அக்கா வேலைதானே இது."

"இவ்வளவு இருக்கே" என்றார்.

"இருக்கு."

"பின்ன எதுக்கு வருஷா வருஷம் என்ன…"

அவள் துணியைக் கொண்டுபோய் அடுக்கின் மேல் வைத்தாள். ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். மடித்ததை உதறி மறுபடியும் மடித்தாள்.

"சும்மா வாங்கன்னு கூப்பிட முடியுமா? அறுக்க மரம் இருந்தாத்தானே கூப்பிடலாம். அதான் வாங்கி வாங்கிச் சேத்தேன்" என்றாள். "இப்ப இடம் இல்ல. அக்கா திட்டறா. ஏழு வருஷமா ஒரு மனுஷன் வர்ற நாளுக்காக ஷெட்ட ரொப்பறியே, அந்த ஆளுக்கும் வாயில்ல உனக்கும் வாயில்லன்னு. எனக்கே வெட்கமாப் போச்சு. மெஷின் ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா கூப்பிடறதுக்கு வழியே இருக்காது, மனசு தானா அடங்கிடும்னு நினைச்சேன்."

மழை கூரைத் தகரத்தில் பிடித்துக்கொண்டது. அவர் கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்க வேண்டியிருந்தது.

"அடங்குச்சா?"

அவள் சட்டையைக் கீழே வைத்தாள்.

"மெஷின் வந்து மூணாம் நாள் மரக்கடைக்குப் போனேன். எட்டு அங்குலத்துக்கு மேல என்ன இருக்குன்னு கேட்டேன். அங்க இல்ல. நாலு கடை ஏறி இறங்கித்தான் இந்தப் பலகையப் பிடிச்சேன். மெஷினுக்குள்ள போகாத பலகையா."

அதைச் சொல்லிவிட்டு அவள் அழுதாள். பெரிய அழுகை இல்லை, கண் நிரம்பி வழிந்தது, அவ்வளவுதான். புறங்கையால் துடைத்துக்கொண்டாள், கையிலிருந்த மரப்பொடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. ரம்பக்காரருக்கோ நெஞ்சுக்குள் என்னென்னமோ முட்டியது. சந்தோஷமா, கோபமா, போன ஏழு வருஷத்தை நினைத்துத் துக்கமா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. அறுபது மைல் தள்ளி ஒருத்தி அவருக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். அந்த நேரம் அவர் எங்கோ ஒரு ரோட்டோரத்தில் இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்திருப்பார்.

"நானும் வண்டியில வரும்போது நாலு வார்த்த சேத்து வச்சிருந்தேன்" என்றார். "எல்லாம் போச்சு. ஒண்ணுகூட ஞாபகம் இல்ல."

"அளவே மறந்துபோச்சு உங்களுக்கு. வார்த்த எங்க ஞாபகம் இருக்கும்."

"அதனாலதான் அளவு மறந்துபோச்சு."

அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவரைப் பார்த்தாள். பலகையை இன்னும் தோளிலேயே வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் கவனித்து, வந்து ஒரு முனையைப் பிடித்தாள். இருவருமாக இறக்கி, மூன்று மெல்லிய பலகையையும் குச்சி வைத்து அடுக்கினார்கள். தடிப் பலகை மட்டும் வெளியே மில்லின் மேல், அவர் போர்த்திவிட்டு வந்த தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது.

மழை கொஞ்சம் விட்டதும் முற்றத்துக்கு வந்தார்கள். மூத்தவளை நாற்காலியில் காணோம். சமையலறையில் பாத்திரம் தேவைக்கு மேல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"அந்தத் தடிய அறுத்துடலாமா?" என்று இளையவள் கேட்டாள்.

"இன்னிக்கு வேணாம். இப்பத்தான் மூணு பலகைய அதுகிட்டருந்து பிரிச்சு எடுத்திருக்கோம். உள்ள இருந்த இறுக்கமெல்லாம் வெளிய வரணும். உடனே அறுத்தா வளைஞ்சுடும். ஆறப்போடணும்."

"எத்தன நாளு?"

"ஒரு வாரம்னு சொல்வாங்க."

அவள் ஈர மரப்பொடியைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாலு நாள் போதும்" என்றார்.

அவள் இன்னும் பொடியைத்தான் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளன்னிக்கு வந்து பாக்கறேன்."

"சரி" என்றாள்.

அவர் போனை எடுத்து, மறுநாள் வேலைக்குச் சொல்லியிருந்தவரைக் கூப்பிட்டார். நாளைக்கு வர முடியாதுங்க என்றார். மில் ஒரு இடத்துல மாட்டிக்கிச்சு, எடுக்க முடியல என்றார். எதிர்முனையில் என்ன ரிப்பேர் என்று விசாரித்தார்கள் போலிருக்கிறது. ரிப்பேர் எல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு, ஆனா எடுக்க முடியல என்று சொல்லிவிட்டு வைத்தார். இளையவள் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டு சிரித்தாள்.

"மில்ல விட்டுட்டுப் போனா பொழப்புக்கு என்ன பண்ணுவீங்க?"

"வந்துதானே எடுக்கணும்" என்றார்.

வண்டிக்கும் மில்லுக்கும் நடுவிலிருந்த கொக்கியில் பூட்டைக் கழற்றினார். சங்கிலியை அவிழ்த்தார். அவள் எங்கிருந்தோ இரண்டு கல்லைத் தூக்கிவந்து மில்லின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தாள். குனிந்தவளின் கழுத்தில் மழைத்துளி விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. அவர் மில்லின் முன்காலைச் சுற்றி உயர்த்த, வண்டியின் பின்புறம் இருந்த இரும்பு உருண்டையிலிருந்து கொக்கி மெல்ல மேலே வந்து விடுபட்டது. பாரம் போன வண்டி பின்பக்கம் சற்று எழும்பி நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மில்லை அவர் யார் வீட்டிலும் ஒரு ராத்திரி விட்டுப் போனதில்லை.

உடம்பு லேசான மாதிரியும் இருந்தது, எதையோ மறந்துவிட்டுப் போகிற மாதிரியும் இருந்தது. வண்டியில் ஏறிக் கிளப்பினார். வெளிவாசலில் வலது பக்கம் திரும்ப வேண்டும். பின்னால் பதினெட்டு அடி நீளம் வருகிறவன் திரும்புகிற மாதிரி இடது ஓரம் வரை ஒதுங்கிப் போய், மெதுவாக, தெருவையே அடைத்துக்கொண்டு அகலமாக வளைத்துத் திருப்பினார். எதிரே வந்த சைக்கிள்காரர் நின்று, இந்தச் சின்ன வண்டிக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று பார்த்தார். ரம்பக்காரர் பழக்கத்தில் கண்ணாடியை நிமிர்த்தி, பின்னால் மில் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தார். கண்ணாடியில் திறந்திருந்த வாசல் தெரிந்தது. உள்ளே மில்லின் தண்டவாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் மழையில் நின்றிருந்தாள்.